கறுக்கும் மூத்திரமும் கம்மஞ்சோறும்

மூத்திரத்தைப் பற்றி ஒரு கட்டுரையா என்று முகம் சுளிக்க வேண்டாம். அரசு மருத்துவமனை ஆய்வகத்தில் காலம் தள்ளிய எனக்குச் சோறு போட்டதே அதுதான்.

நான் வேலையில் சேர்ந்தபோது இன்றைய காகிதப் பட்டைகள் எங்கள் கைக்கு வந்திருக்கவில்லை. பெனடிக்ட் கரைசல் என்று ஒரு நீலத் தண்ணீர் இருக்கும். சோதனைக் குழாயில் அதை 5 மில்லி ஊற்றி, எட்டுச் சொட்டு மூத்திரம் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காட்டிக் கொதிக்க வைப்போம். நீலம் அப்படியே நின்றால் சீனி இல்லை. பச்சை என்றால் கொஞ்சம். மஞ்சள், ஆரஞ்சு, செங்கல் நிறம் என்று போகப் போக அதிகம். குளத்தூர், விளாத்திகுளம் பக்கத்துப் பாட்டிமார் பாட்டிலைக் கொடுத்துவிட்டு, "தம்பி, சீனி இருக்கா?" என்று குழாயையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நிறம் மாறினால் அன்றோடு அவர்கள் வீட்டில் கருப்பட்டிக் காப்பி நின்றுவிடும்.

அந்த நீலத் தண்ணீரை ஏமாற்றுகிற ஒரு நோய் உண்டு. பயிற்சிக் காலத்தில் பாடத்தில் ஒரே ஒரு வரியாக அதைப் படித்தோம். துளி சீனி இல்லாமலேயே அடியில் ஆரஞ்சு வண்டல் தங்கும். மேலே நிற்கும் திரவம் மட்டும் கறுத்திருக்கும். அந்தக் கறுப்பைக் கவனிக்காவிட்டால் "சீனி இருக்கு" என்று எழுதிவிட வேண்டியதுதான். நோயின் பெயர் அல்காப்டோனூரியா. தேர்வுக்காக மனப்பாடம் செய்த அந்த ஒற்றை வரிக்குப் பின்னால் இவ்வளவு பெரிய வரலாறு இருக்கிறது என்பதும், அதில் நம் தமிழ்நாட்டுக்கு ஒரு முக்கியமான இடம் இருக்கிறது என்பதும் ஓய்வுக்குப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டவை.

முதலில் நோய் என்ன என்று சொல்லிவிடுகிறேன். பருப்பு, முட்டை, கறி, பால், ஏன் அரிசியிலும் கம்பிலும்கூடப் புரதம் இருக்கிறது. புரதம் என்பது இருபது வகை அமினோ அமிலங்கள் கோத்த மாலை. அதில் ஃபினைல்அலனின், டைரோசின் என்று இரண்டு மணிகள். உடம்பு தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு மீதியைப் படிப்படியாக உடைத்துக் கழிக்கும். ஒவ்வொரு படிக்கும் ஒரு நொதி உண்டு. அல்காப்டோனூரியாக்காரர்களுக்கு அந்தப் படிகளில் ஒன்றின் நொதி பிறவியிலேயே வேலை செய்யாது. அந்தப் படியில் ஹோமோஜென்டிசிக் அமிலம் என்ற பொருள் தேங்கி நிற்கும். ஒரு நாளைக்குச் சில கிராம் மூத்திரத்தில் வெளியேறும். வெளியேறும்போது நிறம் சாதாரணமாகத்தான் இருக்கும். காற்றுப் பட்டு நின்றால் பழுப்பாகி, பிறகு கறுத்துவிடும். காரம் சேர்ந்தால் இன்னும் வேகமாகக் கறுக்கும். நம் பக்கத்தில் அழுக்குத் துணிக்கு உவர்மண் போட்டு வெளுப்பார்கள் அல்லவா? எந்தக் கறையும் அதில் போகும். இந்தக் கறை மட்டும் உவர்மண்ணிலும் சவுக்காரத்திலும் கூடத்தான் செய்யும்.

காரத்தை ஆவலோடு பிடித்துக்கொள்கிற பொருள் என்ற அர்த்தத்தில் 1859-இல் போடெக்கர் என்ற ஜெர்மானியர் வைத்த பெயர் இது. அந்தப் பொருள் ஹோமோஜென்டிசிக் அமிலம்தான் என்று 1891-இல் வோல்கோவும் பௌமனும் கண்டுபிடித்தார்கள். நோயாளிக்கு டைரோசினைக் கொடுத்துப் பார்த்தபோது மூத்திரத்தில் அந்த அமிலம் கூடியது. ஆக, இது சாப்பாட்டிலிருந்து வருகிறது என்பது நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்துவிட்டது.

ஆனால் அது ஏன் சிலருக்கு மட்டும் வருகிறது? அந்தக் காலத்தில் இது ஏதோ குடல் கிருமியின் வேலை என்று நினைத்தார்கள். அதை மாற்றியவர் லண்டனில் குழந்தைகள் மருத்துவமனையில் வேலை பார்த்த ஆர்ச்சிபால்ட் காரட். அவர் கவனித்து வந்த ஒரு குடும்பத்தில் ஏற்கனவே பிள்ளைகளுக்கு இந்த நோய் இருந்தது. தாய் மறுபடியும் கர்ப்பமானார். பிறக்கப்போகும் குழந்தையின் துணியை விடாமல் பார்த்துக்கொண்டே இருக்கும்படி செவிலியரிடம் காரட் சொல்லி வைத்தார். 1901 மார்ச்சில் குழந்தை பிறந்தது. இரண்டு நாள் கழிந்து சில மணி நேரத்தில் துணியில் கறை தெளிவாகத் தெரிந்துவிட்டது. கிருமி தொற்றிக் குடலில் பெருக அவ்வளவு சீக்கிரத்தில் ஏது நேரம்? இது பிறவியிலேயே வருவது என்று அவர் முடிவுக்கு வந்தார்.

இன்னொன்றையும் காரட் கவனித்தார். அந்தக் குழந்தையின் தாயும் தகப்பனும் அக்காள் தங்கை பிள்ளைகள். நம் முறைப்படி பார்த்தால் அவர்கள் அண்ணன் தங்கை. கல்யாணப் பேச்சுக்கே இடமில்லை. நாம் மாமன் மகளையும் அத்தை மகனையும் உரிமையோடு கட்டுவோம், சித்தி மகளைக் கட்ட மாட்டோம். மரபணுக் கணக்கில் இரண்டும் ஒன்றுதான். சித்தி மகள் ஆனாலும் மாமன் மகள் ஆனாலும் பிறக்கும் பிள்ளைக்கு ஒரு குறிப்பிட்ட மரபணு இரண்டு பக்கமும் ஒரே மூதாதையரிடமிருந்து வர வாய்ப்பு 16-இல் 1. அக்காள் மகளைக் கட்டினால் அது 8-இல் 1. நம் உறவுமுறை சமூக ஒழுங்குக்காக ஏற்பட்டது. மரபணுவுக்கு அந்த முறை தெரியாது.

காரட் விசாரித்தபோது இந்த நோயுள்ள வேறு சில குடும்பங்களிலும் பெற்றோர் நெருங்கிய சொந்தம் என்று தெரிந்தது. அப்போதுதான் மெண்டலின் பட்டாணிச் செடி ஆராய்ச்சி மறுபடி வெளிச்சத்துக்கு வந்திருந்தது. உயிரியலாளர் பேட்சன், இது மெண்டல் சொன்ன ஒடுங்கு பண்பு போல நடந்துகொள்கிறது என்று சுட்டிக்காட்டினார். தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என இரண்டு பழுதான பிரதிகள் சேர்ந்தால்தான் நோய். ஒன்று மட்டும் இருப்பவர் சுகமாகவே இருப்பார். 1902-இல் காரட் இதை எழுதி வெளியிட்டார். மனிதருடைய நோய் ஒன்று மெண்டலின் விதிப்படி வருவதாக முதன்முதலில் காட்டப்பட்டது இந்தக் கறுக்கும் மூத்திரத்தை வைத்துத்தான். 1908-இல் அவர் ஆற்றிய சொற்பொழிவுகளில் 'பிறவி வளர்சிதைமாற்றப் பிழைகள்' என்ற பெயரும் பிறந்தது.

காரட் இதை ஓர் உடல்வாகு வேறுபாடாகவே பார்த்தார்; பெரிய தீங்கில்லை என்று எண்ணினார். அவர் பார்த்தவர்கள் பெரும்பாலும் பிள்ளைகள் என்பதை நினைவில் வைக்க வேண்டும். இந்த நோயின் குணமே அதுதான். சின்ன வயதில் துணியில் கறையோடு நின்றுவிடும். வெளியேறாமல் உடம்பில் தங்கும் கொஞ்சம் அமிலம் ஆண்டுக்கணக்கில் குருத்தெலும்பில் போய்க் கறுப்புச் சாயமாகப் படியும். முப்பது வயதை ஒட்டி முதுகுவலி ஆரம்பிக்கும். பிறகு முழங்கால், இடுப்பு, தோள். காது மடல் நீலம் பாய்ந்தாற்போல் தெரியும். கண்ணின் வெள்ளையில் பழுப்புப் புள்ளி வரும். சிலருக்குச் சிறுநீரகக் கல், வயதான பின் இதய வால்வில் அடைப்பு. சாயம் படிந்த குருத்தெலும்பை 1866-இலேயே ஃபிர்ஹோ பிணப் பரிசோதனையில் பார்த்து எழுதியிருந்தார். அதற்கும் மூத்திரம் கறுப்பதற்கும் உள்ள தொடர்பு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் தெளிவாயிற்று. 1904-இல் வில்லியம் ஆஸ்லர் உயிரோடிருக்கும் நோயாளிகளிடமே அதை அடையாளம் கண்டு எழுதினார்.

இனி நம் ஊருக்கு வருகிறேன். உலகத்தில் பொதுவாக இரண்டரை லட்சம் பேரிலிருந்து பத்து லட்சம் பேர் வரைக்கும் ஒருவருக்குத்தான் இந்த நோய் என்று கணக்கு. ஸ்லோவாக்கியா நாட்டில் 19,000-த்தில் ஒருவருக்கு என்பதால் அந்த நாடு மருத்துவப் புத்தகங்களில் பேர் பெற்றது. 2014-இல் ஒரு மரபியல் இதழில் தமிழ்நாட்டைப் பற்றி ஓர் ஆய்வு வந்தது. ஒரு பகுதியில் குடியமர்ந்திருந்த நரிக்குறவர் சமூகத்தார் 41 பேரைச் சோதித்ததில் 16 பேருக்கு அல்காப்டோனூரியா. அதில் 11 பேருக்கு ஒரே மரபணுவில் ஒரே எழுத்தில் ஒரே மாற்றம், அதுவும் இரண்டு பிரதியிலும். அதற்கு முன் உலகில் எங்கும் பதிவாகாத மாற்றம் அது. என்றோ ஒரு மூதாதையரிடம் ஏற்பட்ட பழுது, சமூகத்துக்குள்ளேயே திருமணம் நடந்து நடந்து பெருகியிருக்கிறது என்று ஆய்வாளர்கள் முடிவு செய்தார்கள்.

சின்ன எண்ணிக்கைதான். இதை வைத்து அந்தச் சமூகத்தார் எல்லோருக்கும் இத்தனை சதவீதம் என்று பெருக்கிச் சொல்வது தவறு. என்றாலும் 41-இல் 16 என்பது லேசான சங்கதி இல்லை.

கோயில் திருவிழாவிலும் பஸ் நிலையத்திலும் பாசிமணி, ஊசி, சீப்பு விற்கும் இவர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். வீட்டில் பேசும் மொழி வாக்ரிபோலி, வட இந்திய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. காடை, கௌதாரி வேட்டையாடிப் பிழைத்தவர்கள். 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் அந்தத் தொழில் அடைபட்டது. பழங்குடியினர் பட்டியலில் இவர்கள் சேர்ந்ததே 2023-இல்தான். தோளில் சுமையோடு ஊர் ஊராக நடக்கிற ஒருவர், "முதுகு வலிக்குது சாமி" என்றால் நடையால் வந்த வலி என்றுதான் யாரும் நினைப்பார்கள். நாற்பது வயதில் முதுகு வளையாமல் போவதற்கும் குழந்தையாக இருந்தபோது துணியில் விழுந்த கறைக்கும் தொடர்பு உண்டென்று யார் யோசிப்பார்கள்?

சரி, கண்டுபிடித்தால் என்ன செய்யலாம்? இங்கேதான் சாப்பாடு வருகிறது.

பிறவிப் பிழைக்குச் சாப்பாட்டால் வைத்தியம் என்பதற்கு வழிகாட்டியது இதன் அண்ணன் போன்ற இன்னொரு நோய், ஃபினைல்கீட்டோனூரியா. அதே ஃபினைல்அலனின் பாதையில், இன்னும் மேலே, முதல் படியிலேயே அடைப்பு. 1934-இல் நார்வேயில் ஃபோலிங் அதைக் கண்டார். அது மூளையைத் தாக்கும். 1953-இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிக்கலும் அவருடைய கூட்டாளிகளும் ஃபினைல்அலனினைப் பெரும்பாலும் நீக்கிய உணவை ஒரு சிறுமிக்குக் கொடுத்துப் பலன் கண்டார்கள். வெகுகாலம், மூளை வளர்ந்து முடிந்தால் பத்தியத்தை விட்டுவிடலாம் என்று நினைத்துப் பள்ளிப் பிராயத்திலேயே நிறுத்தினார்கள். வளர்ந்தபின் கவனக் குறைவும் மனச் சங்கடங்களும் வந்தன. பத்தியத்தை விட்ட பெண்கள் கருவுற்றபோது வயிற்றுப் பிள்ளைக்கும் பாதிப்பு ஏற்பட்டது. 2000-இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழு, பத்தியம் ஆயுள் முழுக்க வேண்டும் என்றது. பிறவிப் பிழை பெரியவர்களின் நோயும்கூட என்று மருத்துவம் ஒப்புக்கொள்ள அவ்வளவு காலம் ஆயிற்று. நம் நாட்டில் 2021-இல் வந்த அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையில் இதுபோன்ற, சிறப்பு உணவால் சமாளிக்கும் நோய்களுக்கு ஒரு தனிப் பிரிவு உண்டு.

அல்காப்டோனூரியாவுக்கும் புரதத்தைக் குறைத்துப் பார்த்தார்கள். நெதர்லாந்து மருத்துவர்கள் 1998-இல் எழுதியதன் சாரம்: பன்னிரண்டு வயதுக்குள் அமிலம் நன்றாகக் குறைகிறது, பெரியவர்களிடம் அவ்வளவு பலன் இல்லை. வளர்ந்த மனிதர் பத்தியத்தில் நிற்பதும் கடினம். வைட்டமின் சி கொடுத்தால் அமிலம் சாயமாக மாறுவது மட்டுப்படலாம் என்றார்கள். நோய் நின்றதாகச் சான்று கிடைக்கவில்லை.

திருப்பம் ஒரு மரத்தடியில் கிடைத்தது. பூங்காக்களில் சிவப்புப் பூவோடு நிற்குமே பாட்டில் பிரஷ் மரம், அதன் அடியில் களை அவ்வளவாக முளைப்பதில்லை என்று 1977-இல் கலிஃபோர்னியாவில் ஒரு வேதியியலாளர் கவனித்தார். அந்த மரத்தின் பொருளை அடியொற்றிக் களைக்கொல்லிகள் செய்தார்கள். அப்படி வந்த ஒன்றுதான் நிட்டிசினோன். அமிலம் உண்டாவதற்கு முந்தைய படியையே அது அடைத்துவிடும். 1992-இல் ஸ்வீடனின் லிண்ட்ஸ்டெட் குழுவினர் இதை வேறொரு பிறவி நோயான டைரோசினீமியாவுக்குக் கொடுத்துக் குழந்தைகளைக் காப்பாற்றினார்கள். பிறகு லிவர்பூல், பாரிஸ், ஸ்லோவாக்கியாவின் பியெஷ்டானி ஆகிய மூன்று ஊர்களில் அல்காப்டோனூரியா உள்ள 138 பேரை வைத்து நான்கு ஆண்டு சோதனை நடந்தது. தினம் 10 மில்லிகிராம் சாப்பிட்டவர்களின் மூத்திரத்தில் அமிலம் 99 சதவீதத்துக்கு மேல் குறைந்தது; நோயின் வேகமும் தணிந்தது. 2020-இல் முடிவு வெளியாகி, அதே ஆண்டில் ஐரோப்பா பெரியவர்களுக்கு இந்த மருந்தை அனுமதித்தது.

கண்மாயில் ஒரு மடையை அடைத்தால் தண்ணீர் மேலே தேங்குவதுபோல, இந்த மருந்து சாப்பிட்டால் ரத்தத்தில் டைரோசின் ஏறிவிடும். ஏறினால் சிலருக்குக் கண்ணின் கருவிழியில் படிந்து வலியும் கூச்சமும் உண்டாகும். அதைத் தடுக்க வழி புரதத்தைக் கட்டுப்படுத்துவதுதான். ஆக, தனியாக நின்று பெரியவர்களிடம் தோற்ற பத்தியம், மருந்துக்குத் துணையாகத் திரும்பி வந்திருக்கிறது.

பத்தியம் என்றதும் பட்டினி என்று நினைக்க வேண்டாம். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு, கிலோவுக்கு 0.8 கிராம் என்று வைத்தால் நாளுக்கு 48 கிராம் புரதம். கணக்கை நம் கரிசல் தட்டில் போட்டுப் பார்த்தேன். நூறு கிராம் கம்பிலோ சோளத்திலோ ஏறத்தாழ 10, 11 கிராம் புரதம். முந்நூறு கிராம் கம்பு இடித்துக் காய்ச்சினால் 32 கிராம். துவரம்பருப்பு 30 கிராம் சேர்த்தால் இன்னும் ஆறு, ஏழு. மோரும் கத்தரிக்காயும் கீரையும் சில கிராம். மொத்தம் நாற்பதைக் கொஞ்சம் தாண்டும். நம் தாத்தாமார் சாப்பிட்ட கம்மஞ்சோறும் பருப்புத் தண்ணியும் இந்த அளவுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. அதன்மேல் ஒரு முட்டைக்கு 6 கிராம், நூறு கிராம் கோழிக்கறிக்கு 20 கிராம் என்று ஏற்றும்போதுதான் கணக்குத் தாண்டும்.

இதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. பாசிமணி விற்று வருகிற காசில் அரிசி மட்டும் பொங்கித் தின்கிற குடும்பத்துக்கு ஏற்கனவே புரதம் போதாது. அவர்களிடம் போய் "கறி முட்டை ஆகாது" என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் சத்துக் குறைவு என்ற இன்னொரு நோயைக் கொடுத்ததாகிவிடும். வளரும் பிள்ளைக்குச் சத்துணவு முட்டையை யாரும் தாமாக நிறுத்திவிடக் கூடாது. எவ்வளவு குறைப்பது என்பது வயது, எடை, மருந்து, ரத்தத்தில் டைரோசின் அளவு இத்தனையையும் பார்த்து மருத்துவரும் உணவியல் நிபுணரும் சொல்ல வேண்டியது. சோதனையில்லாத பத்தியம் எவ்வளவு தூரம் வழி தவற வைக்கும் என்பதற்கு அந்த நீலத் தண்ணீரே சாட்சி. அதன் பேச்சைக் கேட்டுச் சீனியை நிறுத்தினவருக்கு இந்த நோயில் ஒரு பலனும் கிடைக்காது. சீனிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

முதல் சோதனைக்குப் பெரிய இயந்திரம் வேண்டியதில்லை. ஒரு கண்ணாடிக் குப்பியில் மூத்திரத்தைப் பிடித்து இரவு முழுக்கத் திறந்து வைத்தால் காலையில் நிறம் சொல்லிவிடும். சிலருக்கு மெதுவாகத்தான் கறுக்கும் என்பதால், சந்தேகம் இருந்தால் ஹோமோஜென்டிசிக் அமிலத்தை அளக்கும் முறையான சோதனையைச் செய்தே ஆகவேண்டும்.

குழந்தையின் துணியில் உலர்ந்தபின் பழுப்போ கறுப்போ தெரிந்தால், முப்பது முப்பத்தைந்து வயதில் காரணம் தெரியாத முதுகுவலியோடு காது மடலில் நீலம் பாய்ந்திருந்தால், மருத்துவரிடம் இந்த நோயின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். முகாம் போடும் இளைஞர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். சீனி, ரத்த அழுத்தம் பார்க்க நரிக்குறவர் குடியிருப்புக்குப் போகும்போது கூடவே பத்துக் கண்ணாடிக் குப்பிகளையும் கொண்டுபோங்கள். பெரியவர்களின் முதுகை நிமிர்த்த முடியாமல் போகலாம். அவர்கள் மடியில் இருக்கிற பிள்ளைக்கு இன்னும் முப்பது வருஷம் கையில் இருக்கிறது.